உபதேசியார் கழற்றிக் கொடுத்த துண்டு

எங்கள் மாதா கோயிலில் சாமியாருக்குத் துணையாக இருந்த உபதேசியாரின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டுதான் கடைசியாக ஒருமுறை ஏமாந்தார்.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம். இராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, பார்வையும் மங்கிவிட்டது. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்த பங்குச்சாமியாரோ தேர்க்கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். போன் போட்டபோதெல்லாம், "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். அதற்குள் உபதேசியார் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். அவர் ஜெபம் சொல்லலாம், ஆறுதல் சொல்லலாம். பாவமன்னிப்புக் கொடுக்கக் குருப்பட்டம் வேண்டும். அது அவருக்குக் கிடையாது.

தடவித் தடவி வந்த அப்பாவின் கை அந்தத் துண்டைப் பற்றியது. பாவசங்கீர்த்தனம் கேட்கையில் சாமியார்கள் கழுத்தில் போடும் பட்டை என்று நினைத்து, முத்தமிட்டார்.

"சாமி, வந்துட்டீகளா?"

முகம் அப்படியே தெளிந்துவிட்டது. நான் உபதேசியாரின் காதில் கெஞ்சினேன். "அண்ணாச்சி, ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அவுகளுக்குத் தெரியவா போகுது?"

அவர் துண்டை மெல்ல உருவி என் கையில் கொடுத்தார். "மாமா, நான் உபதேசியார். சாமி வந்துக்கிட்டிருக்காக. எங்கிட்ட எதுவும் சொல்லாதீக, ஆண்டவர்கிட்டச் சொல்லுங்க. நான் கூட இருக்கேன்."

அப்பாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். உபதேசியார், பாவங்களுக்காக மனம் வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லச் சொல்ல, அப்பாவின் உதடுகள் பாதிவரை கூட வந்தன. சாமியார் வாசலில் பைக்கை நிறுத்தியபோது எல்லாம் முடிந்திருந்தது. துண்டை உபதேசியார் மேலேயே விட்டெறிந்தேன். பல வருடம் அவரோடு பேசவில்லை.

இப்போது நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகும் வேலையைச் சாமியார் என் தலையில் கட்டியிருக்கிறார். பார்வை மங்கியவர்கள் என்னையும் சாமி என்கிறார்கள். ஆமாம் என்று விடுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் உபதேசியாருக்கே முடியாமல் போனது. சாமியார் வழியில் இருந்தார். நான் முன்னால் போனேன்.

"சாமியா?" என்று கையை நீட்டினார். ஆமாம் என்று சொல்லும்படி அவர் மகள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் கை என் தோளைத் தடவியது. என் தோள் துண்டை நான் வாசலிலேயே வண்டியில் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி, நான்தான்."

அவர் கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு உங்கப்பாகிட்ட ஆமான்னு சொல்ல எனக்கும் நாக்கு வரைக்கும் வந்துச்சு தம்பி" என்றார்.

வாசலில் சாமியாரின் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று இருவரும் காத்திருந்தோம்.