ஒற்றைப்படை மாதத்து வாடகை

எனக்குக் கோபம் வந்தால் கணக்கு வராது. அவனுக்குக் கோபமே வராது, கணக்கு மட்டும்தான் வரும். இப்படிப்பட்ட இரண்டு பேர் படப்பையில் ஒரே வீட்டில் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தினோம் என்றால், அதற்குக் காரணம் நான் இல்லை. அதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றேன். அவன் ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்கிற இடத்தில். நான் விருதுநகர்ப் பக்கம், அவன் மதுரைப் பக்கம். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து இருக்கிறோம் என்று உண்மையைச் சொன்னால் எவர் வீடு தருவார்? அதனால் என் கழுத்தில் போட ஒரு மஞ்சள் கயிறு வாங்கினோம். அதையும் படப்பைக் கடையில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வாலாஜாபாத் வரைக்கும் பஸ் ஏறிப் போய் வாங்கினோம். இருபது ரூபாய். பத்து நான் கொடுத்தேன், பத்து அவன் கொடுத்தான்.

எல்லாவற்றிலும் அவன் அப்படித்தான். வீட்டு அட்வான்ஸ் இருபத்தைந்தாயிரம். என்னிடம் பதினைந்து இருந்தது, அவனிடம் பத்து. மாத வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு. அதற்கு அவன் ஒரு முறை வைத்தான். ஜனவரி, மார்ச் என்று ஒற்றைப்படை மாதமெல்லாம் அவன் கட்டுவான். பிப்ரவரி, ஏப்ரல் என்று இரட்டைப்படை மாதமெல்லாம் நான். பாதிப் பாதி போட்டால் என்னவாம் என்று கேட்டேன். "பாதின்னா மாசாமாசம் ரெண்டு பேருக்கும் கழுத்துல கத்தி. இப்படின்னா ஒரு மாசம் விட்டு ஒரு மாசம் மூச்சு விடலாம்ல" என்றான். ஓவர்டைம் இல்லாத மாதத்தில்தான் அந்த மூச்சின் அருமை எனக்குத் தெரிந்தது.

நைட் ஷிஃப்ட் முடிந்து நான் வரும்போது சோறு வடித்து வைத்திருப்பான். என் துணியையும் சேர்த்துத் துவைத்துக் கொடியில் போடுவான். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் "இன்னா தம்பி, ஊட்ல மதுரை மீனாட்சி ஆட்சியா" என்று கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். செய்ததை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

ஊரில் அவன் அம்மா பெண் பார்க்க ஆரம்பித்தார். என்னைப் பற்றிச் சொல் என்றேன். தீபாவளிக்குப் போகும்போது சொல்கிறேன் என்றான். போனான், வந்தான், சொல்லவில்லை. பொங்கலுக்கு என்றான். அப்போதும் இல்லை. மூன்றாவது தடவையும் ஊருக்குப் போய் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றான் பாருங்கள், எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ, அவன் பையைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தவும் செய்தேன். அவன் பையை எடுத்துக்கொண்டு கூட்டாளிகள் ரூமுக்குப் போய்விட்டான்.

வீட்டுக்காரம்மாவிடம், என் புருஷன் புனேவுக்கு டிரெயினிங் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். மூன்று மாதம் தனியாக வாடகை கட்டினேன். அதற்கு மேல் தாங்கவில்லை. மணிமங்கலத்தில் ஒரு ஒற்றை ரூம் கிடைத்தது. அந்த வீட்டுக்காரம்மாவிடமும் அதே புனே கதையைத்தான் சொன்னேன். அட்வான்ஸ் பன்னிரண்டாயிரம், ஞாயிற்றுக்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்றார். என் கையில் இருந்தது ஆயிரத்துச் சொச்சம். படப்பை அட்வான்ஸ் திரும்ப வந்தால்தான் எனக்குத் தலைக்கு மேல் கூரை.

படப்பை வீட்டுக்காரம்மா பிடி கொடுக்கவில்லை. "ஆம்பள கையிலதாம்மா குட்ப்பேன். ஒன் கையில குட்த்துட்டு, நாளிக்கு அவரு வந்து எங்கக்கா என் துட்டுன்னு கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? ரெண்டு பேருமா வந்து வாங்கிக்கினு போங்க."

மூன்று மாதமாகப் பேசாதவனுக்கு மெசேஜ் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கேட்டுக்கு வெளியிலேயே அவனிடம் சொன்னேன்: "உள்ள வந்து வாயத் தெறக்காத. புருஷன் மாதிரி உக்காரு, வாங்கு, வா." தலையை ஆட்டினான். பயம் எனக்கு அவன் பேசுவான் என்பதல்ல. மொத்தப் பணமும் அவன் கைக்குத்தான் போகப்போகிறது. பையைத் தூக்கி வெளியே வைத்தவள் நான். அவன் அப்படியே பஸ் ஏறிவிட்டால் எந்த வாயோடு போய்க் கேட்பது?

வீட்டுக்காரம்மா கூடத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தார். நிலம் கம்பெனிக்குப் போன காசில் வரிசையாக நாலு வீடு கட்டி விட்டிருந்தவர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் வைத்திருந்தார். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடித்தம் என்றார். அது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம், பேசவில்லை. பிறகு, "போன வர்சம் ஜூலை மாசம் வாடகை வரல, அத்தியும் கழிச்சிக்கிறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "என்னக்கா இது, அநியாயமா இருக்கு! ஒரு மாசம்கூட நாங்க நிறுத்துனதில்ல" என்று எழுந்தேவிட்டேன்.

"உக்காரு" என்றான் அவன். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லை, சாதாரணக் குரலில். "அக்கா சொல்றது சரிதேன். ஜூலை என் மாசம். நாந்தேன் அட்வான்ஸ்ல கழிச்சுக்கிருங்கன்னு அக்காகிட்ட சொன்னேன். உங்கிட்ட கட்டிட்டேன்னு பொய் சொல்லிட்டேன்." அதோடு விட்டானா? அந்த அம்மா பக்கம் திரும்பினான். "ஆனாக்கா, நோட்டுல எல்லா மாசமும் எம் பேருல இருக்கு. ரெட்டப்படை மாசம் அம்புட்டும் அவ சம்பளம். அக்டோபர் அவ போனஸ்ல குடுத்தது. பிப்ரவரில அவளுக்குக் காய்ச்சல், லீவு போட்டா, சம்பளத்துல பிடிச்சுட்டாங்ய, அப்பவும் அவதேன் குடுத்தா. தவறுனது எம் மாசம் ஒண்ணுதேன். அதனால ஜூலைய எம் பங்குலதேன் கழிக்கணும்."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கே மறந்துபோன காய்ச்சல் அது. இந்த மனுஷன் எதையெல்லாம் மனசில் எழுதி வைத்திருக்கிறான் என்று அவனையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்காரம்மாவும் பார்த்துக்கொண்டு இருந்தார், வேறு மாதிரி. நோட்டை மூடினார். "இன்னாப்பா இது, எம் மாசம், அவ மாசம், எம் பங்கு? இருவது வர்சமா குடுத்தனம் பண்றேன், எங்க வூட்டுக்காரருக்கும் எனுக்கும் எது யாரு துட்டுன்னு இன்னிக்கு வரிக்கும் தெரியாது. புருசன் பொண்டாட்டி எங்கயாச்சும் மாசத்தைப் பங்கு போட்டுக்குவாங்களா?" என்றார். பிறகு நேராகவே கேட்டார்: "ரெண்டு பேரும் கட்டிக்கினவங்கதானா?"

போச்சு என்று நினைத்தேன்.

"இல்லக்கா" என்றான். "வீடு கிடைக்கணும்னு பொய் சொன்னோம். இவளோட ரெண்டு வருசம் இருந்தேன். இவளத்தேன் கட்டிக்கணும்னு இருந்தேன். எனக்குத்தேன் தைரியம் வரல. இப்ப பிரிஞ்சுட்டோம்."

"யாரு சொல்லச் சொன்னது அந்தப் பொய்ய?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதேன்க்கா."

அடப்பாவி, அந்த ஒரு இடத்திலாவது பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டால் என்ன? அங்கேயும் பாதிப் பாதி!

அந்த அம்மா என்னைத்தான் பார்த்தார். "ஆடி வெள்ளிக்கு வூட்டாண்ட கூப்ட்டு மஞ்ச குங்குமம் வெச்சேனேம்மா உனுக்கு" என்றார். பணம் அவர் மடியில் இருந்தது. தரமாட்டேன் என்றால் நாங்கள் யாரிடம் போய் முறையிட முடியும்?

மடியிலிருந்த பணத்தை எடுத்து எண்ணினார். இருபதாயிரம். "தெரிஞ்சிருந்தா வூடு குட்த்திருக்க மாட்டேன், அதான் நெசம். ஆனா துட்டு விசயத்துல இவன மாதிரி ஒருத்தன நான் பாக்கல. யாரு கையில குட்க்கறது?"

"அவ கையில குடுங்க" என்றான்.

பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்தோம். வெள்ளையடிப்பில் ஆளுக்குப் பாதி, ஜூலை அவன் தலையில். எனக்குப் பதின்மூன்றாயிரத்து எழுநூற்று ஐம்பது, அவனுக்கு ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது. பாவம் என்று எனக்கு ஒரு ரூபாய் விட்டுத் தரவில்லை, ஒரு ரூபாய் கூடுதலாக எடுக்கவும் இல்லை. அவனைப் பற்றி நினைத்து நான் பெருமைப்படுகிற விஷயம் இதுதான். என்னைப் பாவம் பார்க்க வேண்டியவளாக அவன் ஒரு நாளும் நினைக்கவில்லை.

"ஜூலைக் காசு எங்க போச்சு?" என்றேன்.

"அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன். உங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்ப, அதேன் கேக்கல."

"யாரோ ஒரு வீட்டுக்காரம்மாகிட்ட என்னப் பத்தி இவ்வளவு சொன்னியே, இதுல பாதிய உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்லடா?"

யோசித்தான். பொய்யாகச் சமாதானம் சொல்ல அவனுக்குத் தெரியாது. "அக்கா கேட்டாங்க, சொன்னேன். அம்மா கேக்கவே இல்ல."

"கேக்காமலே சொல்ல வேண்டியது அது ஒண்ணுதான்டா!"

"ஆமா" என்றான். கண் கலங்கியிருந்தது. ஒரகடம் போகிற பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான்.

ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே மணிமங்கலம் போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். புது வீட்டுக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். பணத்தை வாங்க நீட்டிய கையில் வைக்காமல், கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அக்கா, புனேல யாரும் இல்ல. எனக்குக் கல்யாணம் ஆகல. ரெண்டு வருஷம் ஒருத்தரோட இருந்தேன், இனிமே தனியாத்தான் இருப்பேன். இதக் கேட்டுட்டுக் குடுக்குறதுனா குடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போனார். கதவு சாத்துகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். சாவியோடு வந்தார்.

"காலைல ஆறு மணிக்குத்தான் மோட்டார் போடுவேன். ஷிஃப்டுக்குப் போறவ, மொத நாளே தண்ணி புடிச்சி வெச்சிக்கோ" என்றார்.