நீள லென்ஸ் வேண்டாம்

"டீச்சர், உங்க போட்டோ ஒண்ணு எங்க ஸ்டுடியோவுல இருந்துச்சு. அழிச்சிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பள்ளி விட்டு வெளியே வந்த என்னை வாசலில் நிறுத்தி, இளவரசி இப்படித்தான் ஆரம்பித்தாள். அதற்கு முன் அவளை நான் பார்த்ததே இல்லை.

"எந்த போட்டோ?"

"சிதம்பரத்துல உங்க ஃப்ரெண்டு கல்யாணம். பந்தியில குனிஞ்சு பாயசம் ஊத்துறீங்க. மண்டபத்து அந்தக் கோடியிலேர்ந்து ஜூம் போட்டு எடுத்திருக்கான். மூஞ்சி இல்ல."

"மூஞ்சி இல்லாம நான்னு எப்படித் தெரியும்?"

"அடுத்த படத்துல நிமிர்ந்துட்டீங்க. அதே பச்சைப் புடவை. பேரு, ஸ்கூலெல்லாம் பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டேன்."

"யாரு எடுத்தது?"

"ராஜ்கமல். எங்க ஓனரோட மச்சான்."

"ஏன் அழிச்சே? அதுதானே சாட்சி?"

"சாட்சின்னா நாலு பேருக்குக் காட்டணும்ல டீச்சர். காட்டியிருக்கட்டுமா?"

எனக்குக் காது எரிந்தது.

இளவரசிக்கு மேல்பட்டாம்பாக்கம். தினமும் பஸ் ஏறி வந்து, கடலூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தாள். ஆண்கள் எடுத்து வரும் படங்களைப் பொறுக்கி, நிறம் சரிசெய்து, பக்கம் பக்கமாக அடுக்கும் வேலை. ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பொண்ணும் சிரிப்பார்கள். கேமராக்காரன் கண் வேறு எங்கெல்லாம் போனது என்பது மெமரி கார்டில் இருக்கும். அதை இவள் ஒருத்திதான் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் அழிப்பாள்.

என் படத்தை அழித்த அன்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். ஓனர் கண்ணாயிரம் சிரித்தாராம்.

"கேண்டிட்டுன்னா ஆளுக்குத் தெரியாமத்தாம்மா எடுக்கணும். இத்தனை வருஷம் இங்க உக்காந்து இதுகூடத் தெரியலியா?"

"உங்க வீட்டுப் பொம்பளைங்களையும் இப்படித்தான் எடுப்பாரா சார்?"

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றுவிட்டார். மச்சானுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இனிமே நானே எடுக்கப் போறேன்" என்றாள் இளவரசி. அத்தனை கல்யாணங்களுக்கு ஆல்பம் போட்டவளை அங்கே ஒருநாளும் கேமராவைத் தொட விட்டதில்லை. லென்ஸ் மாற்றுகிற கேமராவாக ஒன்று வாங்க வேண்டும், நெட்டில் ஆங்கிலத்தில் போட்டிருப்பதையெல்லாம் படித்துச் சொல்லுங்கள் என்றாள். படித்தேன். கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு நீளமாக ஒன்று என்று இரண்டு ஜூம் லென்ஸோடு வருவதே புதிதாகத் தொடங்குபவருக்கு நல்லது என்று பல பக்கங்களில் இருந்தது. அதையே சொன்னேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "அந்த நீள லென்ஸ்லதான் டீச்சர் உங்கள எடுத்தான்."

கடைக்கு நானும் போனேன். விற்பனையாளர் இரண்டு லென்ஸ் பெட்டியைத்தான் முதலில் பிரித்தார்.

"ஃபங்ஷனுக்கு நீள லென்ஸ் இல்லாம முடியாது மேடம். ஆனா வெயிட் ஜாஸ்தி. நீங்க தூக்குவீங்களா? கூட சார் யாராச்சும் வந்திருக்காங்களா?"

"எங்க வீட்டு கேஸ் சிலிண்டர நீங்களா வந்து தூக்கி வெக்கிறீங்க?" என்றாள் இளவரசி.

அவர் பெட்டியை மூடினார். அவள் கேட்டது பழைய மாடல் கேமரா ஒன்றும், ஜூமே இல்லாத ஒரு குட்டி லென்ஸும்.

"இதுல பக்கத்துல போனாத்தான் ஆள் பெருசா விழுவாங்க மேடம்."

"போறேன். நான் எடுக்குறது அவுங்களுக்குத் தெரியணும். வேணாம்னா வேணாம்னு சொல்றது என் காதுல விழணும்."

முதலில் எடுத்த படங்களில் பாதி மங்கல், மீதியில் தலை வெட்டுப்பட்டிருந்தது. விடாமல் எடுத்துப் பழகினாள்.

பிறகுதான் சிதம்பரத்திலிருந்து செய்தி வந்தது. அவளோடு படித்த அனுப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். படம் எடுக்க ராஜ்கமலுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இளவரசி நேரே அந்த வீட்டுக்குப் போனாள். அனுப்பிரியாவின் அப்பா தேவநாதன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார்.

"கேமரா வாங்கியிருக்கியா?"

"ஆமா மாமா."

"அதான பார்த்தேன். ஆர்டர் புடிக்க இப்படியும் ஒரு கதையா? எங்க, அந்தப் படத்தக் காட்டு பார்ப்போம்."

கேமரா இல்லாதபோது அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். வாங்கிய பிறகு, காரியத்துக்காகப் பேசுகிறாள் என்கிறார்கள். அவன் தோளிலும் கேமராதான் தொங்குகிறது. அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்தாள். பின்னால் ஹாரன் சத்தம். அழவில்லை; குரல் கெட்டியாக இருந்தது.

"அந்த ஆர்டர் எனக்கு வேணாம் டீச்சர். யாரு வேணா எடுக்கட்டும், அவன் மட்டும் வேணாம். படம் எங்கன்னு கேக்குறாங்க. அத நான் அழிச்சிட்டேன். நீங்க ஒரு தடவ இங்க வந்து, அந்தப் படத்துல இருந்தது நான்தான்னு அவுங்ககிட்ட சொல்றீங்களா?"