முன்கூட்டியே எழுதி வைத்த பிறை

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்த உதவிகளில் பாய், பாத்திரம், கூடாரம் எல்லாம் தேய்ந்து போய்க் கடைசியில் மிஞ்சியவை ஆறு கம்பியூட்டர்கள். கொண்டுவந்து தந்த வெளிநாட்டுக்காரர்கள் புறப்பட்டதும், சந்தியில் ஓர் அறையில் அவற்றை அடுக்கி ஒருவர் நெட் கடை திறந்தார். நான் வலைப்பூ எழுதத் தொடங்கியது அங்கேதான்.

யுத்தம் முடியும் வரைக்கும் அந்தக் கடை எந்த நாளில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஹர்த்தால், ஒரு நாள் சுற்றிவளைப்பு, இரண்டும் இல்லாத நாளில் கரண்ட் இருக்காது. ஆகவே திறந்திருக்கும் நாளில் நாலைந்து பதிவுகளை ஒரே இருப்பில் தட்டி, டிராஃப்டில் போட்டு, எந்தத் திகதியில் எத்தனை மணிக்கு வெளியாக வேண்டும் என்று குறித்துவிட்டு வந்துவிடுவேன். மிச்சத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

யுத்தம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. மாரி வெள்ளத்துக்கு ஒரு பதிவு, வெள்ளம் வராவிட்டால் வராததற்கு ஒரு பதிவு என்று இரண்டையும் தயாராக வைத்திருந்தேன். தேர்தலில் நின்ற ஒருவர் கொடுத்த வாக்கை மறந்துவிட்டார் என்று கண்டித்து ஒன்று எழுதினேன். அவர் அப்போது வாக்குக் கொடுக்கவே தொடங்கியிருக்கவில்லை.

“நடந்தத எழுதுறவர எழுத்தாளர் எண்டு செல்லுவாங்க. நடக்க முதல் எழுதுறவர என்ன செல்ற?” என்று என் மனைவி கேட்டாள்.

“திட்டம் போட்டு வேலை செய்றவர் எண்டு செல்ற,” என்றேன். அந்த நாட்களில் எனக்கு என்னை மிகவும் பிடித்திருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்து நான் மனைவி வீட்டில்தான் இருந்தேன். அவளுடைய வாப்பா, என் மாமா, பள்ளிவாசலுக்காகப் பிறை பார்க்கிறவர். நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலையில் ஊரின் மேற்குப் புறத்துக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வயல் வரம்பில் நிற்பார். அவர் கண்டேன் என்றால் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மார் எழுதிக் கையொப்பம் வைத்துக் கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்கு அறிவிப்பார்கள். காணவில்லை என்றால் வேறு யார் கண்டேன் என்று வந்தாலும் நூறு கேள்வி கேட்பார்கள். காணாததைக் கண்டேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. வீட்டில் கறிக்கு உப்புக் கூடிவிட்டதா என்று கேட்டால்கூட இன்னொரு வாய் தின்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

யுத்தம் முடிந்து வந்த ஒரு நோன்பில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த ஒருவரும் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகப் பெருநாள் வாழ்த்தை அவர்தான் முதலில் போட்டார். கத்தாரிலும் சவூதியிலும் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள்கூட அங்கே போய் நன்றி எழுதினார்கள். இந்த முறை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். நோன்பு இருபத்திரண்டிலேயே வாழ்த்தை எழுதி, இருபத்தொன்பதாம் நாள் மாலை ஆறு நாற்பதுக்கு வெளியாகும்படி வைத்தேன். வெறும் வாழ்த்து என்றால் யாரும் எழுதுவார்கள், ஆகவே கொஞ்சம் அலங்காரமும் சேர்த்தேன்: “எங்கள் கடலுக்கு மேலே, நின்றிருந்த தோணிகளுக்கு மேலே, மெல்லிய தலைப்பிறை தென்பட்டது. கண்டவர்களின் கண்கள் கலங்கின.”

பிறை தென்படாவிட்டால் ஓடிப்போய்ப் பதிவை நிறுத்திவிடலாம் என்பது என் திட்டம். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை.

இருபத்தொன்பதாம் நாள் மேற்கே முழுக்க மேகம். மாமா வரம்பிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். நான் சைக்கிளை மிதித்துச் சந்திக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. நோன்பு திறந்து, மஃரிப் தொழப் போகிற நேரம் அது. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் ஒரு வெற்றிலைக் கடைகூடத் திறந்திருக்காது. நோன்பு மாதம் முழுக்க நானும்தானே அந்த நேரத்தில் கஞ்சிக் கோப்பையோடு வீட்டில் இருந்தேன், அது ஏன் என் மண்டையில் ஏறவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. கடைக்காரரின் போனை அழைத்தேன். தொழுகையில் இருந்தார் போல, அணைத்து வைத்திருந்தார். பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நான் நிற்க, ஆறு நாற்பதுக்கு என் பிறை உதித்தது.

கத்தாரிலிருந்து ஊருக்குப் போன்கள் வரத் தொடங்கின. அங்கே இருந்த தன் மகன் சொன்னதை நம்பி, இறைச்சிக் கடைக்காரர் மற்றக் கடைகளை முந்த வேண்டும் என்று இரண்டு மாட்டை அறுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பிறை தென்படவில்லை, நாளைக்கும் நோன்பு என்று அறிவித்தது. அறுத்த மாட்டை மீன்காரர்களின் ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். பெருநாளன்று ஊரில் பாதிப் பேர் பாரை மீன் மணக்கும் புரியாணி தின்றார்கள்.

ஆனால் அதற்கு முன், முப்பதாம் நோன்பன்று பகல் ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிவாசலுக்குள் விசாரணை நடந்தது. இறைச்சிக் கடைக்காரர் என் பதிவைக் கடதாசியில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார்.

“பிறை பார்க்கிற ஆள்ட வீட்டுக்குள்ள இரிந்துதான் இந்தக் கதை வெளிய வந்திரிக்கு,” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். இல்லாத பிறையை உண்டாக்கினேன் என்று ஒப்புக்கொண்டால் நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பது?

மாமா எழும்பினார். “மருமகன்ட பிழை இல்ல. எனக்குத்தான் மேகத்துக்குள்ள கண்ட மாதிரி ஒரு மயக்கம். வரம்புல நிண்டு வீட்டுக்குப் போன்ல வாய் தவறிச் செல்லிப்போட்டன். புறகு யோசிச்சுப் பாத்தா இல்ல.”

தலைமை மரைக்கார் கடதாசியை வாங்கி வாசித்தார். பாதியில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மாமாவைப் பார்த்தார்.

“கடலுக்கு மேலயா கண்டீங்க?”

எங்கள் கடல் கிழக்கே. தலைப்பிறை மேற்கே. எங்கள் ஊரில் பிறந்த எவனும் அதைக் கடலுக்கு மேலே காண முடியாது. முப்பது வருடம் கடலுக்கு முதுகு காட்டி நின்ற மனிதர் ஒரு நிமிடம் என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு மடத்தனத்தை எழுதினாயா என்று கேட்பது போல இருந்தது. பிறகு மரைக்காரைப் பார்த்து, “ஓம்,” என்றார்.

சிரிப்பு எழும்பிப் பள்ளி முகட்டில் முட்டியது. இறைச்சிக் கடைக்காரரும் சிரித்தார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற இடம் அதுதான்.

அதன் பிறகு மாமா பெயர் ‘கிழக்குப் பிறை’ ஆகிவிட்டது. அடுத்த முறை பிறை பார்க்க அவரை யாரும் கூப்பிடவில்லை. நான் உண்மையை எழுதினேன். ஒரு வரி விடாமல் எழுதி, டிராஃப்டில் போட்டு, வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகும்படி வைத்தேன். வியாழக்கிழமை போய் அதை அடுத்த வெள்ளிக்குத் தள்ளினேன். பிறகு பள்ளிக்கூட விடுமுறைக்கு. பிறகு வயலில் வேளாண்மை வெட்டு முடியட்டும் என்று. இப்படி ஒரு வருடத்துக்கு மேல் தள்ளினேன், அதிலும் ஒழுங்காகத் திகதி குறித்துத்தான்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டின்போது மாமா கேட்டார். “என்னப் பத்தி ஒண்டு எழுதி வச்சிரிக்கிங்களாமே. மகள் சென்னா. அத நான் மவுத்தான புறகு போடவா நாள் வச்சிரிக்கிங்க?”

கை கழுவிவிட்டு நெட் கடைக்குப் புறப்பட்டேன். மாமாவும் சாரத்தை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். நெட் கடையில் என் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் பொய், பூட்டிய கடை, என் திறக்காத வாய், எல்லாம் இருந்தது. மாமா என்னைக் காப்பாற்ற வந்த இடத்தை மட்டும் மென்மையாக எழுதியிருந்தேன், ‘பெருந்தன்மை’ என்ற சொல்லெல்லாம் போட்டு.

“அது என்ன பெருந்தன்மை?” என்றார். “நானும்தானே பொய் சென்னன், அதுவும் பள்ளிக்குள்ள வச்சி. அத வெட்டிப்போட்டுப் பொய் எண்டு எழுதுங்க.”

“மாமா, இத எழுதினா...”

“எழுதுங்க மகன்.”

எழுதினேன். திகதி எதுவும் குறிக்காமல் அப்போதே வெளியிட்டேன். அந்தக் கிழமையே தலைமை மரைக்கார் வீட்டுக்கு வந்து மாமாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், இனிப் பிறை பார்க்க நீங்கதான் வர வேண்டும் என்றார். பொய் சொன்னவன் பிறைக்குச் சாட்சி நிற்க ஏலாது என்று சொல்லி, மாமா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். அடுத்த இரண்டு நோன்பிலும் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். அவர் போகவில்லை.