கதவு சாத்தின வாக்கெடுப்பு

எங்கள் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். ஒரு நாள்கூட மந்திரியாக இருந்ததில்லை. கேட்டால், "எதிர்த்துப் பேசவே நேரம் போதல, ஆள்றதுக்கு எங்க போறது?" என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

கல்யாணமான புதிதில் எங்கள் முன்னறைதான் கட்சி ஆபீஸ். எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து வந்தால், கட்சிப் பையன்கள் என் பெரிய பாத்திரத்தில் போஸ்டருக்குப் பசை காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். கத்துவேன். "இந்தத் தேர்தல் மட்டும் அண்ணி!" என்பார்கள். அந்தக் கூச்சல் இனி எங்கே கிடைக்கும்? இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

சட்டசபையில் அவருடைய ஆயுதம் வெளிநடப்பு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தால் போதும், பின்னால் இருக்கும் முப்பது பேரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்துவிடுவார்கள். அப்படிப் பழக்கி வைத்திருந்தார். மறுநாள் பேப்பரில் படம் வரும். நானும் வெட்டி ஒட்டி வைப்பேன், பைத்தியக்காரி.

ஒரு வருஷம், எங்கள் ஆஸ்பத்திரியை மூடித் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்க்க மசோதா வந்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வலி எடுத்தவள் எப்படிப் போவாள்? இவர் ஒரு மாதம் நடையாய் நடந்து ஆளுங்கட்சியிலேயே நாலு பேரை மசிய வைத்தார். இரண்டு ஓட்டில் மசோதா தோற்றிருக்க வேண்டும்.

"நீயும் வந்து பாரு. உன் ஆஸ்பத்திரிய இன்னிக்குக் காப்பாத்தப் போறேன்" என்று என்னையும் கூட்டிப்போய்ப் பார்வையாளர் மாடத்தில் உட்கார வைத்தார்.

மந்திரி எழுந்தார். "தலைவருக்கு ஊர்மேல அக்கறை ஒண்ணும் இல்ல. வீட்டம்மா வேலை போயிடுமேன்னு பயம்!" சபையே சிரித்தது. இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை கண்ணாடிக்குப் போனது. ஐயோ, உட்காருங்க என்று மனசுக்குள் அலறினேன். மாடத்தில் வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் அனுப்பட்டும் என்று திறந்திருக்கலாம்.

முப்பது பேரும் வெளியே. மணி அடித்தது, வாக்கெடுப்புக்காகக் கதவைச் சாத்தினார்கள். முடிகிறவரை யாருக்கும் திறக்க மாட்டார்கள். இவர் கதவைத் தட்டத் தட்ட, மசோதா நிறைவேறிவிட்டது.

"உன்னச் சொன்னானே, பொறுக்கல" என்றார் வராந்தாவில்.

"சொன்னா நான் தேஞ்சா போயிடுவேன்? ஓட்டப் போட்டுட்டுக் கோவப்பட்டிருக்கக் கூடாதா?"

அதற்கப்புறம் அவர் வெளிநடப்பே செய்யவில்லை. யார் என்ன சொன்னாலும் கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தார். ரோஷம் செத்துப்போச்சு என்று கட்சிக்காரர்களே பேசி, பதவியிலிருந்து இறக்கினார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியை மூடின பிறகு நான் தினமும் அந்த இரண்டு மணி நேர பஸ்ஸில்தான் தலைநகரத்துக்கு வேலைக்குப் போனேன். வீட்டில் சும்மா இருந்தவர் ஒருநாள் கூடவே வந்தார். பாதி வழியில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டது. வண்டியை நிறுத்தி, பின்சீட்டில் பிரசவம் பார்த்தேன். இவர் சட்டையைக் கழற்றி மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை அழுததும் இறங்கி, ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார்.

"பஸ்ல இது எத்தனையாவது?"

"ஏழாவது."

"எல்லாம் பொழச்சுதா?"

ஐந்துதான் பிழைத்தன. "எல்லாம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.