போனக்காட்டில் 'விருப்பமில்லை' என்று பதிவானவர்கள்

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, கேரள மலையில் தேயிலைத் தோட்ட ஊரான போனக்காட்டுக்குப் போனேன். மூடுபனியும் அருவியும் பார்க்க அங்கே போகிறவர்கள் நிறைய. நானும் வழக்கமாக இந்தப் பக்கத்தில் அவற்றைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை என்னைப் போக வைத்தது ஒரு போன் அழைப்பு.

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மார்பகப் புற்றுநோய் முகாம்களுக்கு வந்த பெண்களின் பட்டியலைப் பராமரிக்கும் செயலியை எங்கள் குழுதான் செய்தது. மலைப்பகுதியில் வேலை செய்யும் ஷைனி என்ற நர்ஸ் கூப்பிட்டார். தோட்டத்துப் பெண்களிடம் கற்ற, மலையாளம் கலந்த தமிழ் அவருடையது.

"மோளே, மறுபரிசோதனைக்கு வரச் சொன்ன போனக்காட்டு ஆளுங்க எல்லாரும் உங்க லிஸ்டில் விருப்பமில்லைன்னு கிடக்கு. ஒராளு கூட பாக்கியில்லா. அதெங்ஙனே? ஒண்ணு வந்து பார்க்கணும், கேட்டோ."

ஏதோ பதிவுப் பிழை, பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

வலியசாலையில் என் வீட்டிலிருந்து தம்பானூர் பேருந்து நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். காலை 6.10 பேருந்தில் ஏறி, நெடுமங்காடு வழியாக விதுராவில் இறங்கும்போது 7.40. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். தோசை சாப்பிட்டுவிட்டு ஷைனியின் வாடகை ஜீப்பில் ஏறினேன். அதற்கு மேல் இருபது கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கடைசிப் பகுதியில் சாலை என்று சொல்ல அதிகம் இல்லை. வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டியதும் என் போனில் சிக்னல் போனது. "இனி மோளுக்கு ரெஸ்ட்" என்று ஷைனி சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

லயம் என்று அவர்கள் சொல்லும் வரிசை வீடுகளில் பெரும்பாலானவை பூட்டிக் கிடந்தன. பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். கை வலிக்கிறது என்று வீட்டிலேயே இருந்தவர் பொன்னுத்தாய் மட்டும்தான். ஐம்பது வயது இருக்கும். முந்தின ஆண்டு முகாமில் கொடுத்த சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு பத்திரமாக வைத்திருந்தார்.

"உங்களுக்கு மூணு தடவை போன் பண்ணியிருக்காங்கக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்கு வர விருப்பமில்லைன்னு பதிவாயிருக்கு" என்றேன்.

"யாரு சொன்னது? நானா சொன்னேன்?"

"நீங்க போனை எடுக்கல..."

"இங்க எங்க தாயி போன் அடிக்கும்? மேல பேக்டரி வளைவு வரைக்கும் நடந்து போனாத்தான் ஒரு கோடு காட்டும். தகவல் ஒண்ணும் வரலையே, அப்ப நமக்கு ஒண்ணுமில்ல போலன்னு பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடச்சேன்."

முகாமின்போது கட்டி எவ்வளவு இருந்தது என்று ஷைனி கேட்டார். பொன்னுத்தாய் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். "இப்போழோ?" என்றதற்கு உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார்.

அவர் பெயரை அப்படிப் பதிய வைத்தது செயலியில் இருந்த ஒரு விதி. அந்த விதி என்னுடையது. அலுவலக நேரத்தில் மூன்று முறை அழைத்தும் எடுக்காவிட்டால், பெயர் தானாகவே 'விருப்பமில்லை' என்ற கட்டத்துக்குப் போய்விடும். நிலுவைப் பட்டியல் நீண்டுகொண்டே போய் மாத அறிக்கை அசிங்கமாகத் தெரிந்ததால் நானே யோசித்துச் சேர்த்தது. யாரும் கேட்கவில்லை. பாராட்டு கூடக் கிடைத்தது.

"அக்கா, அப்படிப் பதிவாகுற மாதிரி எழுதி வச்சது நான்தான்."

அவர் என்னையே பார்த்தார். "என் வாயில வராத வார்த்தைய நீ எப்படி தாயி எழுதுவ?"

சீட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "வேற யாரு பேருல இப்படி எழுதியிருக்க? வாசி."

பட்டியலை இறக்கி வைத்திருந்த மடிக்கணினியைத் திறந்து வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எந்த வீடு, எப்போது வருவாள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தாவது பெயர் செல்லம்மா.

"செல்லம்மா போயிட்டா. ஆனி மாசம். மாருல புண்ணு வச்சு நாறிப் போச்சு. கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்கன்னுதான் இருந்தா."

என் திரையில் செல்லம்மாவுக்கு எதிரே இன்னும் 'விருப்பமில்லை' என்றுதான் இருந்தது. நான் வெளியே போய் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாலை நான்கரைக்கு மேல் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வலிக்கிற கையை மறுகையால் பிடித்துக்கொண்டு பொன்னுத்தாய் முன்னால் நடந்தார். நாங்கள் வீடு வீடாக அவர் பின்னால் போனோம். வரமாட்டேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை ஷைனி அதே ஜீப்பில் அத்தனை பேரையும் மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார். பரிசோதனை முடிவுகளில் மற்றவர்களுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பொன்னுத்தாய்க்குப் புற்றுநோய். முதலிலேயே வந்திருந்தால் சின்ன அறுவை சிகிச்சையோடு முடிந்திருக்கலாம் என்றார் டாக்டர். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். அதன் பிறகுதான் அறுவை. மருந்து ஏற்றும் நாட்களில் லீவு போட்டுவிட்டு நானும் கூட இருக்கிறேன். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செயலியில் அந்தக் கட்டத்தின் பெயரை மாற்றிவிட்டோம். 'நாம் இன்னும் போய்ச் சேரவில்லை' என்பது புதுப் பெயர், அதில் உள்ளவர்கள் இனி நிலுவையிலேயே இருப்பார்கள். நிலுவை கூடி அறிக்கை மோசமாகிவிடும் என்று அலுவலகத்தில் எதிர்த்தார்கள். செல்லம்மாவைப் பற்றிச் சொன்ன பிறகு எதிர்க்கவில்லை. மற்ற மலை ஊர்கள், கடற்கரை ஊர்களின் பட்டியல்களையும் அதன் பிறகு திறந்து பார்த்தேன். அங்கேயும் பெயர்கள் வரிசையாக அதே கட்டத்தில் கிடந்தன. எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் நியாயமானது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

போகிறவர்களுக்குச் சில தகவல்கள். சுற்றிப் பார்க்கப் போவதானால் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே விசாரியுங்கள். பேருந்துகள் குறைவு, நேரங்களை விதுராவில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டைகள் ஏறும், உப்பு எடுத்துப் போங்கள். சுகாதார வேலையாகப் போகிறவர்கள் சீட்டைத் தமிழிலும் அச்சடியுங்கள். அங்கே மூத்தவர்கள் பலருக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். முகாமைக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு மூடிவிட்டு இறங்காதீர்கள். திரும்ப ஒரு ஜீப்புக்குச் சொல்லி வைத்துவிட்டு, இருட்டும்வரை இருங்கள். பெண்கள் வீட்டுக்கு வரும் நேரம் அதுதான்.