சத்தம் போடக் கூடாது என்றேன்

எழுபதுகளின் நடுவில், பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு காணும் பொங்கல் அன்று நடந்தது இது. அப்போது இளைஞர் மன்றச் செயலாளர் நான்தான். இருபத்திரண்டு வயது, தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் உறியடிக்குப் புதிதாக ஒருவர் பெயர் கொடுத்தார். ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுபவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. காற்று போகும் சத்தத்தை வைத்தே ட்யூபில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார். "நீங்கெல்லாம் கண்ணைக் கட்டிக்கினு ஆடறீங்க. எனக்குத் துணிகூட வேணாம்" என்று சிரித்தார்.

உறியடி என்றால் சுற்றி நிற்பவர்கள் வலது, இடது என்று கண்டபடி கத்தி, பானையை அடிக்கப் போகிற ஆளைக் குழப்புவார்கள். இவரைப் போய்க் குழப்புவதா என்று எனக்கு இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இவர் அடிச்சு முடிக்கிற வரிக்கும் எவனும் வாயத் தொறக்கக் கூடாது" என்று கூட்டத்தை மிரட்டிவிட்டு, வழக்கம்போல அவரை மூன்று சுற்று சுற்றி விட்டேன்.

கழியைத் தலைக்கு மேல் ஓங்கியபடி நடந்தார். பானைக்கு நேர் எதிர்ப்பக்கம் போனார். அந்தப் பக்கம் ஆட்களே இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத கிணறுதான் இருந்தது.

கத்தினால் திடுக்கிட்டு ஓரடி முன்னால் வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஓடவோ கால் வரவில்லை. மிரட்டி வைத்த கூட்டமும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"யோவ், அங்கியே நில்லு! எதிர்ல கெணறு கீது!"

அவர் மனைவியின் குரல். சட்டென்று நின்றார். அவர் கால் பட்டுச் சரிந்த மண் தண்ணீரில் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"இன்னா தம்பி, எல்லாரும் வூட்டுக்குப் பூட்டீங்களா? நீங்க கத்துனாத்தானே கூட்டம் எங்க, கெணறு எங்கன்னு எனக்குத் தெரியும்?"

கிணற்றுக்கு முன்னால் இரண்டு மாட்டு வண்டிகளை நிறுத்தினோம். அவர் பிடிவாதமாகக் கேட்டதால் மறுபடி சுற்றி விட்டேன். இந்த முறை ஊரே தொண்டை கிழியக் கத்தியது. பானைக்கு ஒரு சாண் தள்ளி அடித்துவிட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

இன்றும் யாருக்காவது உதவப் போனால், என்ன வேண்டும் என்று அவர்களிடமே முதலில் கேட்கிறேன். நல்லது செய்வதாக நினைத்தே ஒரு மனிதரைக் கிணற்றடி வரை அனுப்பியவன் நான்.