உயிரோடிருப்பதைச் சொல்லப் போனேன்

முப்பது வருடம் தா.பழூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் கணக்கு வாத்தியாராகக் கத்திய வாய் இது. இப்போது நரம்புக் கோளாறில் நாக்கு நாளுக்கு நாள் விறைத்துவருகிறது. நான் பேசுவது என் மனைவிக்கு மட்டும்தான் விளங்கும். நான் ஒன்று சொன்னால் அவள் உடனே அதை உரக்கத் திருப்பிச் சொல்வாள். ஊர் அவளுக்குப் பதில் சொல்லும்.

போன வருடம் அரியலூர் பென்ஷன் ஆபீஸில் வருடாந்திர நேர்காணலின்போது, "இவரு உயிரோடதான் இருக்காருங்க" என்று அவள்தான் அறிவித்தாள். பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வருடம் அதைத் தனியாகப் போய் நானே சொல்வது என்று முடிவெடுத்தேன்.

பெரம்பலூரில் வேலை பார்க்கும் மகள் என் போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தாள். அது காட்டும் வாக்கியங்களை நான் வாசிக்க வேண்டும். என் குழறலைப் பழகிக்கொண்டு, பிறகு நான் பேசுவதை அது தெளிவான குரலில் சொல்லுமாம். ஒரு வாரம் வாசித்தேன். வீட்டில் சோதித்தபோது ஒரு சொல் பிசகவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் பஸ் ஏறினேன்.

ஆபீஸில் போனை உயர்த்திப் பிடித்து, "நான் உயிரோடு இருக்கிறேன்" என்றேன். போன் கம்மென்று இருந்தது. மூன்று முறை சொன்னேன். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. க்ளார்க் பாவமாகப் பார்த்து, "வூட்டுல அம்மா வரலீங்களா சார்?" என்றார். அவமானத்தில் கையெழுத்துக்கூடப் போடாமல் திரும்பிவிட்டேன்.

மகள் வந்து பதிவுகளைப் போட்டுக் கேட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் என் மனைவியின் குரல் கணீரென்று கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, பழக்கதோஷத்தில் அத்தனையையும் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். சோதித்தபோதும் அப்படித்தான். போன் படித்தது என்னை இல்லை, அவளை.

"அதுக்குப் புரியாதேன்னுதாங்க சொன்னேன்" என்றாள் பரிதாபமாக.

மறுபடி ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். வெளியே அவள் வாய் திறக்காமல் இருந்தது எங்கள் குடும்ப வாழ்க்கையிலேயே புதுசு.

இந்த முறை போன் சொல்லிவிட்டது. க்ளார்க் நிமிராமலே, "சரிங்க சார், கையெழுத்து போடுங்க" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு திரும்பியபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

பெருமையாகப் போனை எடுத்தேன்.

"அத உள்ள வைங்க. எங்கிட்ட பேச அது எதுக்கு?"

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ் ஏறியதிலிருந்து நடந்ததையெல்லாம் குழறிக் குழறிச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு வார்த்தையைக்கூட அவள் திருப்பிச் சொல்லவில்லை.